வெளியே சாது, மிதித்தால் புலி: பழைய ஸ்லீப்பர் கார் வாங்கப் போகிறவர்களுக்கு

பெங்களூரில் பார்த்துப் பிடித்துப்போய் வாங்கிய ஒரு சாம்பல் நிற செடான், கோயம்புத்தூரில் என் பெயருக்கு மாற எட்டு மாதம் ஆனது. வண்டி 4.75 லட்சம். அந்த எட்டு மாதத்தில் அதற்குமேல் ஆன செலவு: ஆயுள் வரி 1.12 லட்சம், கியர்பாக்ஸ் வேலை 85 ஆயிரம், நான்கு டயர் 34 ஆயிரம், பிரேக் 22 ஆயிரம், இன்சூரன்ஸ் 18 ஆயிரம், பெங்களூருக்கு நடையாய் நடந்ததும் புரோக்கருக்குக் கொடுத்ததும் 12 ஆயிரம். கூட்டிப் பார்த்தால் 2.83 லட்சம். இதில் பாதியாவது நான் முன்கூட்டியே கேட்டிருந்தால் மிச்சமாகியிருக்கும். அந்தக் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஸ்லீப்பர் என்றால் என்ன என்று தெரியாமல் யாரும் இதைப் படிக்க வந்திருக்க மாட்டீர்கள். இருந்தாலும் ஒரு வரி: டாக்ஸி ஸ்டாண்டில் நிறுத்தினால் ஒருவரும் திரும்பிப் பார்க்காத கார், ஆக்சிலரேட்டரை மிதித்தால் பெரிய எஸ்.யு.வி.யைப் பின்னுக்குத் தள்ளும் கார். என் காரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தப்பு வண்டியைச் செய்தவர்கள் மீது இல்லை, வாங்கின விதத்தில்தான்.

1. முதலில் வண்டியைத் தேர்ந்தெடுங்கள், விளம்பரத்தை அல்ல

டாக்ஸியாக ஓடிய மாருதி டிசையர் டீசலின் சக்தி 75 பி.எஸ். (குதிரைத்திறன்). அதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

ஃபியட் லீனியா டி-ஜெட்: 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல், 114 பி.எஸ்., 207 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (இழுக்கும் சக்தி). சாதாரண லீனியாவிலிருந்து பிரித்துப் பார்க்கப் பின்னால் உள்ள பேட்ஜைத் தேட வேண்டும். ஓட்டுவதற்கு அருமை. ஃபியட் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டதால் உதிரிபாகம் தேடுவது ஒரு பொழுதுபோக்காகவே மாறிவிடும்.

செவர்லே குரூஸ் டீசல்: 2009இல் வந்தபோதே 150 பி.எஸ்., பிறகு 166 பி.எஸ். பார்க்க அலுவலக மேனேஜர் கார். மூன்றாவது கியரில் மிதித்தால் தலை சீட்டில் ஒட்டிக்கொள்ளும். இதன் கம்பெனியும் 2017இல் இந்திய விற்பனையை முடித்துக்கொண்டது.

ஸ்கோடா லாரா வி.ஆர்.எஸ். 2011இல் வந்தது: 1.8 டி.எஸ்.ஐ. (டர்போ பெட்ரோல்), 160 பி.எஸ்., ஆறு கியர் மேனுவல். 2013 ஆக்டேவியா 1.8 டி.எஸ்.ஐ. 180 பி.எஸ்.; சூட்கேஸ் நிறைய துணியோடு ஊட்டி ஏறினாலும் மூச்சு வாங்காது. சூப்பர்ப் 3.6 வி6 பற்றிக் கேட்கிறவர்களுக்கு: 260 பி.எஸ்., கல்யாண மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை இறங்கும் கார் போல இருக்கும். ஆனால் பெட்ரோல் பங்க்காரர் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்.

ஹூண்டாய் வெர்னா 1.6 டீசல்: 2011 மாடலிலேயே 128 பி.எஸ்., 260 நியூட்டன் மீட்டர். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் தயாரானது, எந்த ஊரிலும் பார்ட்ஸ் கிடைக்கும். முதன்முதலாக இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். கூட்டத்தில் கரைந்துபோகும், வீட்டுக்காரரும் சந்தேகப்பட மாட்டார்.

நம் ஊர்ப் பெருமைக்கு இரண்டு. திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த மிட்சுபிஷி சீடியா 2.0, 115 பி.எஸ்.; இதன் 4ஜி63 எஞ்சின் குடும்பம் மிட்சுபிஷியின் ராலி பந்தயக் காரான லான்சர் எவல்யூஷனுக்கும் சொந்தம். இன்னொன்று 2018இல் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸுடன் சேர்ந்து டாடா இறக்கிய டியாகோ ஜே.டி.பி.: 114 பி.எஸ். பானெட்டில் காற்றுத் துளை இருப்பதால் இது முழு ஸ்லீப்பர் அல்ல என்பவர்கள் உண்டு. நானும் அவர்கள் கட்சிதான்.

புதிதாகவே வாங்க வசதி இருந்தால் வெர்னா 1.5 டர்போ (160 பி.எஸ்.), ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ் அல்லது ஸ்கோடா ஸ்லாவியா 1.5 டி.எஸ்.ஐ. (150 பி.எஸ்.) என்று முடித்துக்கொள்ளுங்கள். ஷோரூமே பதிவு செய்து கொடுத்துவிடும், கீழே உள்ள பாதி அத்தியாயம் உங்களுக்குத் தேவைப்படாது.

2. விலையைப் பார்க்காதீர்கள், வரியைப் பாருங்கள்

நான் விழுந்த முதல் குழி இது. வெளிமாநில காரைத் தமிழ்நாட்டில் மறுபதிவு செய்யும்போது ஆயுள் வரி கட்ட வேண்டும். அது நீங்கள் கொடுத்த விலைக்கு அல்ல. வண்டி புதிதாக இருந்தபோது என்ன விலை, இப்போது என்ன வயது என்ற இரண்டையும் வைத்துக் கணக்கிடுவார்கள். பழைய ஸ்லீப்பர்களில் பல, அந்தக் காலத்தில் 15 லட்சம், 20 லட்சத்துக்கு விற்றவை. இன்றைக்கு ஐந்து லட்சத்துக்குக் கிடைக்கிறதே என்று சந்தோஷப்படும் அதே கார், வரி மேஜையில் மறுபடியும் 20 லட்ச ரூபாய்க் காராக மாறிவிடும். அதனால் முதல் உரிமையாளர் வாங்கிய இன்வாய்ஸின் நகலைக் கேட்டு வாங்குங்கள், உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி வரி எவ்வளவு வரும் என்று விசாரித்துவிட்டு, அப்புறம் பேரம் பேசுங்கள்.

தமிழ்நாட்டு வண்டியாகவே கிடைத்தால் இந்தத் தலைவலி இல்லை. பெயர் மாற்றத்துக்கான மத்திய அரசுக் கட்டணம் காருக்கு ரூ. 300, ஆர்.சி. கார்டுக்கு ரூ. 200, கூடச் சில சேவைக் கட்டணங்கள், அவ்வளவுதான். என்னைக் கேட்டால், உள்ளூர் வண்டிக்கு ஐம்பதாயிரம் கூடக் கொடுத்தாலும் லாபம்.

15 ஆண்டு நெருங்கும் வண்டி என்றால் இன்னொரு செலவும் உண்டு. பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் கார்களுக்கு ரூ. 5,000 ஆனது. எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டுவதற்கான பெயின்ட், லைட் வேலை, பசுமை வரி எல்லாம் அதற்கு மேல்.

டெல்லி வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே 10 ஆண்டு தாண்டிய டீசலுக்கும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோலுக்கும் தடை வந்ததால்தான் குரூஸ் போன்றவை அடிமாட்டு விலைக்குத் தெற்கே வரத் தொடங்கின. பதிவு உயிரோடு இருக்கிறதா, என்.ஓ.சி. (பழைய ஆர்.டி.ஓ. தரும் தடையின்மைச் சான்று) கையில் இருக்கிறதா என்று உறுதியாகாமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

3. வண்டியைப் பார்க்கும் முன்பே பேப்பரைப் பாருங்கள்

பதிவெண்ணைக் கேளுங்கள். எம்-பரிவாஹன் செயலியில் போட்டால் எத்தனையாவது உரிமையாளர், இன்சூரன்ஸ் எதுவரை, எஃப்.சி. எதுவரை, ஃபைனான்ஸ் நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். இ-சலான் தளத்தில் அபராதம் பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். வேகமான கார் வைத்திருந்தவரிடம் அபராத பாக்கி இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதைக் கட்டாமல் என்.ஓ.சி. நகராது.

ஃபைனான்ஸ் விஷயத்தில் கவனம் தேவை. "லோன் எப்பவோ முடிஞ்சிருச்சு சார்" என்று விற்பவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் ஆர்.சி.யில் ஹெச்.பி. (வண்டி மீது கடன் இருக்கிறது என்ற குறிப்பு) அப்படியே நின்றது. அதை நீக்க வங்கியின் தடையின்மைக் கடிதமும் படிவம் 35உம் வேண்டும். அவர் வைத்திருந்த கடிதத்தின் காலக்கெடு முடிந்துபோய், அந்தக் கிளையும் இடம் மாறிப்போய், புதுக் கடிதம் வாங்கவே ஏழு வாரம். ஹெச்.பி. நீங்கிய ஆர்.சி.யைக் கண்ணால் பார்க்கும்வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

4. காலை ஏழு மணிக்குப் போங்கள்

முன்கூட்டி ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் பாதி நோய் மறைந்துவிடும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், "சாயங்காலம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலையில் சொல்லாமல் போங்கள். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது சங்கிலி உரசும் சத்தமோ நீலப் புகையோ வந்தால், பழைய 1.8 டர்போ பெட்ரோல்களில் அது டைமிங் செயின், ஆயில் குடிக்கும் நோய் ஆகியவற்றின் அறிகுறியாக இருக்கலாம்.

பிறகு ஸ்கேனர், அதாவது காரின் கணினியைப் படிக்கும் கருவி. இது இல்லாமல் ஸ்லீப்பர் வாங்கவே கூடாது. சாதாரண காரில் முந்தைய உரிமையாளர் செய்த அட்டகாசம் வெளியே கீறலாகத் தெரியும். இந்த வகைக் காரில் அது மென்பொருளுக்குள் ஒளிந்திருக்கும். நல்ல ஸ்கேனரும் அதைப் படிக்கத் தெரிந்தவரும் சேர்ந்து வந்தால் இரண்டாயிரம், மூவாயிரம் ஆகும். கொடுங்கள். பார்க்க வேண்டியவை:

பழுதுக் குறியீடுகள் ஒன்றுகூட இல்லாமல் பளிச்சென்று இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். கார் தன்னைத்தானே சோதித்து முடித்துவிட்டதா என்று காட்டும் ரெடினஸ் மானிட்டர் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அங்கே சோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினால், குறியீடுகளைச் சற்று முன்புதான் யாரோ அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் கேளுங்கள்.

மீட்டரில் உள்ள கிலோமீட்டர் ஒன்று, மற்ற மாட்யூல்களில் (காருக்குள் இருக்கும் குட்டிக் கணினிகளில்) பதிவான கிலோமீட்டர் வேறொன்றாக இருக்கலாம். மீட்டரைத் திருப்புகிறவர் எல்லா இடத்திலும் கை வைப்பதில்லை. என் காரில் மீட்டர் 62 ஆயிரம் என்றது, உள்ளே ஓரிடத்தில் 1 லட்சத்து 9 ஆயிரம் இருந்தது. இது எனக்குத் தெரிந்தது வாங்கி மூன்று மாதம் கழித்து.

ரீமேப். எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி 30, 40 குதிரை கூட்டுவது இந்தக் கார்களின் சொந்தக்காரர்களுக்கு வெற்றிலை பாக்கு போடுவது மாதிரி. விற்கும்போது பழையபடி மாற்றி வைத்துவிடுவார்கள். மென்பொருள் திரும்பும், ஆனால் மூன்று வருடம் கூடுதல் அழுத்தம் தாங்கிய டர்போவும் கிளட்சும் திரும்பாது. ஏர் ஃபில்டர் பெட்டி ஒரிஜினலா, டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்) மாற்றப்பட்டிருக்கிறதா, போல்ட் தலைகளில் ஸ்பேனர் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றிய எங்கள் ஊர் மெக்கானிக் ஐந்தே நிமிடத்தில் சொன்னார்: "வண்டி நல்லாத்தானுங்க தம்பி இருக்குது. ஆனா யாரோ உள்ள கைய வெச்சுட்டுப் போயிருக்காங்க." இதை வாங்கும் முன் கேட்டிருக்க வேண்டும்.

டயர் சுவரில் உள்ள கடைசி நான்கு இலக்கம் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். '1419' என்றால் 2019இன் 14ஆவது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் ஆறு வருட டயரில் இந்த வேகத்துக்குப் போகாதீர்கள்.

5. டெஸ்ட் டிரைவில் வேகம் பார்க்க வேண்டாம்

விற்பவர் உங்களை ரிங் ரோட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு மிதி மிதித்துக் காட்டுவார். அதோடு புத்தி போய்விடும், எனக்குப் போனது. நீங்கள் கேட்க வேண்டியது டிராஃபிக்கில் அரை மணி நேரம். இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்குகளில், குறிப்பாக உலர் கிளட்ச் (ஆயிலில் மூழ்காத கிளட்ச்) வகையில், ஊர்ந்து போகும்போதுதான் உதறல் தெரியும். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது இடி, மேட்டில் கிளம்பும்போது நடுக்கம், ரிவர்ஸ் விழத் தாமதம் என்று ஏதாவது இருந்தால் கிளட்ச் செட் அல்லது மெகட்ரானிக் (கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) செலவை விலையில் கழியுங்கள். மேனுவல் என்றால் நான்காவது கியரில் குறைந்த வேகத்திலிருந்து முழுதாக மிதியுங்கள். ஆர்.பி.எம். மட்டும் ஏறி வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.

6. 'மாடிஃபைடு' என்று சொன்னால் ஆர்.சி.யில் காட்டச் சொல்லுங்கள்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். மாற்றியது பழைய உரிமையாளர்தான், ஆனால் பிரேக் இன்ஸ்பெக்டர் முன் நிற்கப் போவது நீங்கள். எஞ்சின் மாற்றிய வண்டி என்றால், எஞ்சினில் பொறித்த எண்ணும் ஆர்.சி.யில் உள்ள எண்ணும் ஒன்றா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பொருந்தவில்லையா, டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து இன்சூரன்ஸ். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகு தெரியவந்தால் கிளெய்மை நிராகரிக்க அதுவே போதும்.

7. பணம் கொடுக்கும் நாள்

பணம் வங்கி வழியாகவே போகட்டும். ரூ. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தடை. பத்து சதவீதத்தையாவது என்.ஓ.சி. கைக்கு வரும்வரை நிறுத்தி வையுங்கள், அதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

கையெழுத்து வாங்க வேண்டியவை: படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, வெளிமாநிலம் என்றால் என்.ஓ.சி.க்கான படிவம் 28 கூடுதல் பிரதிகளோடு, ஹெச்.பி. இருந்தால் படிவம் 35. விற்பவரின் ஆதார், பான் நகல்கள் அவர் கையெழுத்துடன். சேஸ் எண்ணின் பென்சில் பிரின்ட் நான்கைந்து எடுத்து வையுங்கள். பின்னால் இதற்காகவே வண்டியை மறுபடி ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். கையெழுத்து ஆர்.சி.யில் உள்ளது போலவே இருக்கிறதா என்று அங்கேயே ஒப்பிடுங்கள்.

டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும் நிமிடமும் எழுதுங்கள். கேமரா அபராதம் யார் தலையில் என்பதை அந்த நிமிடம்தான் தீர்மானிக்கும். பழைய ஃபாஸ்டேகை விற்பவர் தன் வங்கியில் மூடினால்தான் அந்த வண்டிக்கு நீங்கள் புதிது எடுக்க முடியும். நான் இதை மறந்துவிட்டு, ஓசூர் தாண்டி ஒவ்வொரு டோலிலும் அவர் பணத்தில் வந்தேன். அவர் போனில் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார்.

8. என்.ஓ.சி.யும் மறுபதிவும்

விற்பவர் தன் ஆர்.டி.ஓ.விடம் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் வேலை, எந்த அலுவலகத்துக்கு என்.ஓ.சி. என்பதைச் சரியாகச் சொல்வது. கோவையிலேயே வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு என்று அலுவலகங்கள் உண்டு. என் புரோக்கர் தெற்கு என்று போட்டுவிட்டார், என் வீடு வடக்கு. அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு மாதம். உங்கள் முகவரிச் சான்று எந்த எல்லைக்குள் வருகிறது என்று நீங்களே பார்த்து, எழுதிக் கொடுங்கள்.

சட்டப்படி வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவெண் வாங்க வேண்டும். அந்த 12 மாதம் பதிவெண்ணுக்கான அவகாசம்தான், வரிக்கானது அல்ல. 'கேஏ' எண்ணோடு ஆண்டு முழுக்கச் சுற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெயர் மாற்றத்துக்கு வாங்குபவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

என்.ஓ.சி. வந்ததும் படிவம் 27, 29, 30, அசல் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று, பான், இன்வாய்ஸ் நகல் எல்லாவற்றோடும் பரிவாஹன் தளத்தில் விண்ணப்பித்து, வரி கட்டி, வண்டியை நேரில் காட்ட வேண்டும். அன்றைக்குக் கண்ணாடியில் கறுப்பு ஸ்டிக்கரோ சத்தம் போடும் சைலன்சரோ வேண்டாம். வண்டி எவ்வளவு சாதுவாகத் தெரிகிறதோ அவ்வளவு சீக்கிரம் வெளியே வரலாம். இந்த வகைக் காருக்கு அது ஒன்றுதான் இயல்பாகவே வரும். புது எண் கிடைத்த பிறகு, பழைய மாநிலத்தில் கட்டிய ஆயுள் வரியின் மீதியைத் திரும்பக் கேட்கலாம்; அதற்குப் பழைய உரிமையாளரின் ஒத்துழைப்பு தேவைப்படும், எனவே அவரோடு சண்டை போட்டுக்கொள்ளாதீர்கள்.

9. இன்சூரன்ஸ் 14 நாள்

மூன்றாம் தரப்புக் காப்பீடு தானாக உங்கள் பெயருக்கு வந்ததாகவே சட்டம் கருதும். உங்கள் காருக்கான சேதக் காப்பீடு அப்படி அல்ல. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி மாற்றிக்கொள்ளுங்கள். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டும்.

10. மிதிக்கும் முன்

வாங்கியதும் எஞ்சின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், பிளக் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பில் இருக்கிறது என்று விற்பவர் காட்டினாலும் மாற்றுங்கள். பெட்ரோலை நேரடியாக உள்ளே பீய்ச்சும் (டைரக்ட் இன்ஜெக்ஷன்) எஞ்சின் என்றால் வால்வில் கரி படிந்திருக்கும்; சுத்தம் செய்ய ஒரு நாள் ஒதுக்குங்கள்.

நான்குவழி தேசிய நெடுஞ்சாலையில் கார்களுக்கு மத்திய அரசு வைத்த உச்ச வேகம் 100 கிமீ. அதற்கு மேல் ஆசை இருந்தால் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தளம் இருக்கிறது, சென்னைக்காரர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளம். டிராக் டே (நம் காரை அங்கே ஓட்ட விடும் நாள்) அறிவிக்கும்போது பணம் கட்டிப் போகலாம். ஹெல்மெட், மூடிய ஷூ, இழுக்கும் கொக்கி கட்டாயம் எடுத்துப் போங்கள். நான் முதல் முறை போனபோது பிரேக் ஆயில் மட்டும் மாற்றாமல் விட்டிருந்தேன். நான்காவது சுற்றில் பெடல் பஞ்சு மாதிரி தரையைத் தொட்டது. மணலில் நின்ற காரை இழுத்துக்கொண்டு போக வந்தது ஒரு டாக்ஸி நிற டிசையர்.